சக்கரம் தரையில் இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். எழுபது வயதில் உனக்கு வேலை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இதோ பதில்.

வேகக் கேமராவில் சிக்கியும் அபராதம் கட்டாதவர்களின் வண்டியைப் பறிமுதல் செய்யுமுன் கோப்பைச் சரிபார்ப்பது என் வேலை. நேற்று ஒரு நர்ஸ் கவுண்டரில் நின்று அழுதாள். இன்று காலை அவள் காரைத் தூக்கிப்போவதாக இருந்தது.

"அன்னிக்கு வண்டி ரிப்பேரும்மா, ஓடவே இல்ல!"

"எல்லாரும் பாடுற பாட்டுதான். கேமரா பொய் சொல்லாது," என்றார் மேலாளர்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"கேமரா பொய் சொல்லல சார், நாமதான் சரியா பார்க்கல. சக்கரம் ரோட்டையே தொடல, பாருங்க."

கார் ஒரு இழுவை லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. வேகமாகப் போனது லாரி! மூன்று பேர் பார்த்துக் கையெழுத்திட்ட கோப்பு அது. மேலாளர் அங்கேயே உத்தரவை ரத்து செய்தார். இனி என் மேஜையைத் தாண்டாமல் எந்தப் படமும் வெளியே போகாது. பள்ளியில் என்னைக் கவனமில்லாதவள் என்று திட்டிய நம் கான்வென்ட் சிஸ்டர் இன்னும் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு உதவி. என் கணவர் போன பிறகு உங்கள் வீட்டில் விட்டுவந்த மேஜையின், யாரும் திறக்காத டிராயரில் அவருடைய பூதக்கண்ணாடி இருக்கிறது. வேலைக்குத்தான் கேட்கிறேன். துடைக்க வேண்டாம், அவர் விரல் பட்டபடியே அனுப்புங்கள்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் தங்கை