எட்டடிக்கு ஆறடி அடுப்படி

என் கையைப் பிடிச்சு மெட்டுகுடா ரயில்வே கேட்டைத் தாண்டவச்ச ராஜம் அக்காவுக்கு,

உன் தம்பி ஐரோப்பா போய் வந்துட்டேன். போலந்து நாட்டு வார்சா. விமானத்துல பைலட்டே எழுந்து வந்து எனக்குக் கை குலுக்கினான், அதை அப்புறம் சொல்றேன். இப்ப கோபத்துல பேனா நிக்கலை. உன் வீடு இல்லை அக்கா. நான் திரும்பறதுக்குள்ள உன் மகன் சேகர் ஃபிளாட் கட்டறேன்னு இடிச்சுட்டான்.

"மாமா, ஒரு மாசம் நித்யாகூட இருந்துட்டு வாங்க"ன்னு அவனே டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். உன் பேத்தி அங்கேதான் படிக்கிறா. செகந்திராபாத் முழுக்கச் சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்.

வார்சாவுல ஒரு பழைய சதுக்கம். மஞ்சளும் சிவப்புமா ஒட்டி ஒட்டி வீடுங்க. "நம்ம சார்மினார் வயசு இருக்கும், சுவரைப் பார்த்தாலே சொல்லிடுவேன்"னேன்.

நித்யா சிரிச்சா. "நக்கோ தாத்தா, வேணாம், அள்ளி விடாதீங்க! இதுக்கு உங்க வயசுதான். யுத்தத்துல எல்லாம் தரைமட்டம். பழைய ஓவியத்தையும் வரைபடத்தையும் வச்சுத் திரும்பக் கட்டியிருக்காங்க."

அசந்து போனேன். எதிரி நொறுக்கின ஊரை அந்த ஊர்க்காரன் ஜன்னல் ஜன்னலா எழுப்பியிருக்கான். நான் அங்கே வாயைப் பிளந்து நின்ன அதே வாரம், இங்கே உன் வாசல்ல புல்டோசர். எந்த எதிரி வந்தான்? நீ பெத்த பிள்ளைதானே!

ஏர்போர்ட்லேருந்து நேரா போய் செங்கல் குவியல் மேல நின்னு கத்தினேன். "யாரைக் கேட்டுடா இடிச்சே?"

"நீங்கதானே மாமா கையெழுத்துப் போட்டீங்க? விசா பேப்பரோட கொடுத்தேனே. படிச்சுப் பாருங்கன்னுகூட சொன்னேன்."

சொன்னான் அக்கா. அப்பா நம்ம ரெண்டு பேருக்கும் எழுதி வச்ச வீடு, என் கையெழுத்து இல்லாம ஒரு செங்கல் அசையாது. அத்தனையும் இங்கிலீஷ். தெரியலைன்னு சொல்ல வெட்கம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பக்கம் பக்கமா புரட்டி, "ம்... சரியாத்தான் எழுதியிருக்கான்"னு போட்டுட்டேன். எட்டாவதோட நின்னவனுக்கு வக்கீல் தோரணை! நீ இருந்திருந்தா பேப்பரைப் பிடுங்கியிருக்க மாட்டியா?

"அதே மாதிரி திரும்பக் கட்டுடா. அளவெல்லாம் என் மண்டையில இருக்கு"ன்னேன்.

"உங்க அளவா மாமா? அந்த அடுப்படியில முப்பது பேர் வரிசையா உக்காந்து சாப்பிட்டாங்கன்னு சொன்னது யாரு?"

சொன்னது நான்தான். அதுதான் இன்னும் எரியுது. அவன் மேல கோபமா, என் மேலயா?

வீட்டுக்கு உருப்படியா ஒரு போட்டோ இல்லை. இருக்கிற எல்லாத்துலயும் நான் நடுவுல நின்னு மறைச்சிருக்கேன்.

நேத்து டேப்பும் நோட்டும் வாங்கினேன். குவியலை ஒதுக்கினா அஸ்திவாரம் தெரியுது. அடுப்படி எட்டடிக்கு ஆறடி. ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் வெளியே. அதுக்குள்ளயா அக்கா அத்தனை வருஷம் நின்னே?

லாரி வந்து அள்றதுக்குள்ள மீதி அறைகளையும் அளந்துடுவேன். சேகர் கட்டறானோ இல்லையோ, உன் வீடு காகிதத்துல இருக்கும். ஒரு அங்குலம்கூட ஏத்தி எழுத மாட்டேன், சத்தியம்.

பைலட் எனக்குக் கை குலுக்கலை அக்கா.

உன் கூடப்பிறந்தவன்,
மணி