மாமியின் நடைப் பதிவேடு

18 ஆகஸ்ட், திங்கள்

கல்லூரியில் இன்று செய்முறைப் பயிற்சிக்கு ஆள் பெயர் கேட்டார்கள். நர்சிங் உதவியாளர் டிப்ளமாவில் உடற்பயிற்சிக்கும் ஒரு தாள் உண்டு. வீட்டில் ஒருவரை ஆறு வாரம் தினமும் அரை மணி நேரம் நடக்க வைத்து, திங்கள்தோறும் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு பேர். மச்சான், என் கணவர், ஷார்ஜாவில். மகள் ஷஃபீனாவுக்கு இரண்டு வயது. ஆகவே மச்சானின் உம்மா, மாமி. ஆஸியா பீவி, வயது 58, ஒன்பது வருடச் சர்க்கரை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

19 ஆகஸ்ட்

கேட்டேன். "வேலவெட்டி இல்லாம ரோட்டுல நடக்க நான் என்ன ரோந்து போலீஸா?" என்றார்.

20 ஆகஸ்ட்

இன்று அவரே பேச்சை எடுத்தார். இந்தப் பயிற்சி முடிந்ததும் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் வார்டு பயிற்சி, எட்டு மணி முதல் இரண்டு மணி வரை. இப்போது கல்லூரி மதியம் இரண்டு மணி நேரம்தான், ஷஃபீனா தூங்கிவிடுவாள்; வார்டு நேரத்தில் அவளை யார் பார்ப்பது என்று ஜூனிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "நீ சொல்ற மாதிரி நடக்குறேன். ஆறு வாரத்துல என் சக்கரை 140-க்குக் கீழ வந்துச்சுன்னா புள்ளைய நான் பாக்குறேன். வரலன்னா நீ ஊட்டுல இரு."

மச்சானிடம் போனில் சொன்னேன். "உம்மா சொன்னா சொன்னதுதான்" என்றார். கல்யாணமானதிலிருந்து இதையேதான் சொல்கிறார்.

காலை அளவு 188.

21 ஆகஸ்ட்

எங்கள் தெருவில் பெண்கள் சும்மா நடப்பதில்லை. யார் வீட்டுக்காவது போவார்கள். எனவே பாதையை அப்படியே போட்டேன். சித்திக்கா வீடு, அங்கிருந்து உம்மு சல்மா வீடு, அங்கிருந்து சந்தையைச் சுற்றித் திரும்புதல். முப்பத்தைந்து நிமிடம். மாமி புர்கா போட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு என் மேலேயே கொஞ்சம் மதிப்பு வந்தது.

25 ஆகஸ்ட்

204.

1 செப்டம்பர்

211. வீட்டில் சோற்றைக் குறைத்தாயிற்று, மாத்திரையும் தவறவில்லை. பிறகு எப்படி? மாலை ஷஃபீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். சித்திக்கா வீட்டில் சர்க்கரை போட்ட தேத்தண்ணி, எண்ணெயில் பொரித்த வாடா இரண்டு. உம்மு சல்மா வீட்டில் நெய் சொட்டும் ரவை இனிப்பு தம்ரூட், மறுபடியும் தேத்தண்ணி. தினமும் இப்படித்தானாம்.

"மாமி, என்ன மாமி இது?"

"போன ஊட்டுல வாய் நனைக்காம வந்தா நல்லாவா இருக்கும்?"

பதிவேட்டில் 'உணவு' என்ற இடத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். நானும் தம்ரூட் சாப்பிட்டேன். அதை எழுத இடம் இல்லை.

5 செப்டம்பர்

நபி பிறந்த நாள், வீட்டில் மவ்லூது. நெய்ச்சோறு. நடை இல்லை.

8 செப்டம்பர்

219. "நடந்தா சக்கரை ஏறும்னு ஒங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?" என்று கேட்டுவிட்டு மாமி ஓதப் போனார்.

ஷஃபீனா தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினேன். 26. புத்தகம் சொல்லும் அளவுக்குள்தான். மறுபடியும் எண்ணினேன். ஆறு மணி நேரம் இவளை விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? மாமி தோற்றால் நல்லதோ? அப்போ போகாததுக்கு மாமிதான் காரணம்னு சொல்லிக்கலாம். இதை எழுதியிருக்க வேண்டாம்.

10 செப்டம்பர்

ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சித்திக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். மாமி அவருக்கு லாத்தா, அக்கா முறை. கண் கலங்கிவிட்டது. "லாத்தாவுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கக்கூட வக்கில்லாமப் போயிட்டமா?"

சமாதானப்படுத்துவதற்காக, "அப்ப நீங்களும் மாமிகூட உம்மு சல்மா வீடு வரைக்கும் வாங்களேன்" என்றேன். உடனே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். அப்போதுதான் பிடிபட்டது. வீட்டில் ஆள் இருந்தால்தானே தேத்தண்ணி.

11 செப்டம்பர்

உம்மு சல்மாவையும் வாசலிலேயே கிளப்பியாயிற்று.

17 செப்டம்பர்

இப்போது ஆறு பேர். எல்லோரும் கறுப்பு புர்காவில், வேகமாக, ஒரே திசையில். தெருமுனைக் கடைக்காரர் சாவு வீட்டுக்குப் போகிறோம் என்று பதறி எழுந்து, "யாரு மௌத்து?" என்று கேட்டாராம். "எங்க சக்கரைதான்" என்றாராம் மாமி.

22 செப்டம்பர்

போன திங்கள் 190, இன்று 161. கல்லூரியில் கீர்த்திகா மேடம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இந்த தம்ரூட் ரெசிப்பி கெடைக்குமா?" என்று கேட்டார்.

29 செப்டம்பர்

கடைசி நாள். 146.

கல்லூரிக்கு இது போதும். 219-லிருந்து 146 என்பதே நல்ல மதிப்பெண். மாமிக்குத்தான் 140. மெஷினில் வரும் எண் கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது. 138 என்று சொன்னால் முடிந்தது.

146 என்றுதான் எழுதினேன், பேனாவில். உண்மையைச் சொல்ல நினைத்தா, வார்டுக்குப் போகப் பயந்தா? தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே எண்தான் வருகிறது.

மாமியிடம் சொன்னேன்.

"140-ன்னுதான பேசுனோம்?"

"ஆமா மாமி."

"ம்."

30 செப்டம்பர்

மச்சானிடம் சொன்னேன். "ஆறுதானே கூட" என்றார். "அதை ஒங்க உம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

3 அக்டோபர், வெள்ளி

வார்டு பட்டியலில் நாளைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதில்லை என்று முடிவெடுத்து, இரண்டு முறை அழுதும் ஆயிற்று. மாலை ஷஃபீனாவுக்கு மாற்றுச் சட்டை தேடினேன். என் அலமாரியில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாமியின் பீரோவில், மடித்து. பால் டம்ளர், விக்ஸ், நாப்கின் எல்லாம் அங்கேதான்.

"என்ன மாமி?"

"பின்ன? நீ எட்டு மணிக்குப் போனப்பறம் ஒன் ரூம்ல வந்து ஒவ்வொண்ணாத் தேடிக்கிட்டு நிக்கவா?"

"146 மாமி..."

"தெரியும். 139-ன்னு சொல்லியிருந்தா எனக்கு என்னா தெரியப்போவுது? பொழைக்கத் தெரியாத புள்ள. ஊட்டுல வச்சிக்கிட்டு என்னா செய்யிறது, ஆஸ்பத்திரிக்காவது ஒதவட்டும்."

6 அக்டோபர், திங்கள்

பெண்கள் வார்டு. ஒன்பது மணிக்குப் போன் செய்தேன். ஷஃபீனா இட்லி சாப்பிடுகிறாள். ஒன்பதரைக்குச் செய்தேன், இன்னும் சாப்பிடுகிறாள். பத்து மணிக்குச் செய்தபோது மாமி, "இன்னொரு தடவ போன் அடிச்சின்னா ஒன் பேர வார்டுல போட்ட மேடத்துக்கு நான் அடிப்பேன்" என்றார்.

அடிக்கவில்லை. இரண்டு மணிக்குள் பதினோரு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். மண்டபத்தூரிலிருந்து வந்த அம்மா ஒருவர், "அளந்ததையே மறுபடி அளக்குறியே, புதுசா?" என்று கேட்டார். புதுசுதான் என்றேன். என் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.