மேலண்ணத்தில் எடுத்த சதை

சென்னை
6.2.1984

அன்புள்ள அப்பாவுக்கு,

நீலா எழுதுவது. இங்கே மூவரும் நலம், என் வாயைத் தவிர. பொங்கலுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய பல்பொடி டப்பா வந்தது.

கீழ்வரிசை முன்பற்களில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. டாக்டர் மூன்று வழி சொன்னார். ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து தைக்கலாம். ஆனால் போன ஈறு திரும்பாது. பக்கத்து ஈறை நகர்த்தி மூடலாம். எனக்கு அதுவும் மெலிந்துவிட்டதாம். கடைசி வழி, மேலண்ணத்திலிருந்து மெல்லிய சதை எடுத்து ஈறில் வைத்துத் தைப்பது. அதற்குத்தான் மார்ச் 12 குறித்திருக்கிறார்.

அம்மா வழியில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். உண்டென்றால் உங்கள் பேத்தி பாப்பாவையும் இப்போதே கவனிக்கணுமாம். அம்மா போனபோது எனக்கு மூன்று வயது. உங்களுக்குத்தான் எல்லாம் நாள் கிழமையோடு நினைவிருக்குமே.

எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதைப் படித்துக் காட்டும் தபால்கார நூர் அகமது அண்ணனே மாயவரத்தில் ரயில் ஏற்றிவிடுவார்.

அன்பு மகள்
நீலாயதாட்சி


கோட்டுச்சேரி
13.2.1984

அன்பு மகள் நீலாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

உன் கடுதாசியை நூர் அகமது ரெண்டு தரம் படித்தார். அண்ணத்தில் கத்தியா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வாயை ஏன் அறுக்கணும்? என் அண்ணத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல். அறுபத்தொன்பது வயசில் அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்.

நீ கேட்டது: உன் அம்மாவுக்கும் ஈறு இப்படித்தான் இறங்கியது. அவள் வழி வியாதி அது. மேற்கொண்டு கேட்காதே.

அம்பலவாணன்
(கைநாட்டு)


சென்னை
22.2.1984

அன்புள்ள அப்பா,

டாக்டர் சிரித்தார். அடுத்தவர் சதை ஒட்டாதாம். அம்மா வழி என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்குப் பாப்பாவை நினைத்துத்தான் கவலை. பன்னிரண்டு வயதுதானே. உங்கள் பொடியால் இரண்டு வேளையும் தேய்க்க வைக்கிறேன், எனக்கு நீங்கள் செய்த மாதிரியே, விரலில் சிவப்புத் தெரியும் வரை. அழுகிறாள். நான் விடுவதில்லை.

நீலா


கோட்டுச்சேரி
28.2.1984

நீலா,

பாப்பா வாயில் அந்தப் பொடியை வைக்காதே. முதலில் போய் அதைக் கொட்டு. மற்றதைப் பிறகு படி.

உன் அம்மா வேப்பங்குச்சியைத் தவிர ஒன்றையும் வாயில் வைத்ததில்லை. சாகும்போது முப்பத்திரண்டு பல்லும் கெட்டியாக இருந்தது. நான் எழுதச் சொன்னது பொய்.

அந்தப் பொடி என் கைவேலை. அரிசி மில்லில் நெல் அவிக்கிற அடுப்பு உமிக்கரி, உப்பு, பல் வெளுக்கச் சலித்த செங்கல் தூள். ரத்தம் வந்தால் கெட்டது போகிறது என்று நம்பினேன். நம்பினதோடு நின்றிருக்கலாம்.

ஐம்பத்துநாலில் நம்ம ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கின மறுவாரம், செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு வந்த வெள்ளைக்கார டாக்டரம்மா உன் வாயைப் பார்த்தாங்க. “நீங்கதான் இந்தப் பிள்ளை ஈறைத் தேய்ச்சு அழிக்கிறீங்க”ன்னு பத்துப் பேர் முன்னால் என்னைச் சொன்னாங்க. உனக்கு மெத்தென்று ஒரு பிரஷ் கொடுத்தாங்க, பச்சைக் காம்பு. மறுநாள் அதை அடுப்பில் போட்டேன். நீ நாலு நாள் தேடினாய். நீதான் தொலைத்தாய் என்று புளிய விளாறால் மூணு அடி அடித்தேன். பொடியையும் விடவில்லை.

நூர் அகமது பேனாவை நிறுத்திவிட்டார். “இதையும் எழுதணுமா மாமா?”ங்கிறார். “எழுதுங்க தம்பி, நிறுத்தாதீங்க”ன்னேன்.

பத்தாம் தேதி ரயில் ஏறட்டுமா? நீ சொன்னால் வருகிறேன்.

அம்பலவாணன்
(கைநாட்டு)


சென்னை
17.3.1984

அப்பா,

பொடியைக் கொட்டிவிட்டேன். பாப்பாவை டாக்டர் பார்த்தார். ஈறு புண்ணாகியிருக்கிறது, இறங்கவில்லை, தப்பித்தாள் என்றார்.

எனக்குப் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் ஆனது. உங்கள் மருமகன் பக்கத்தில் இருந்தார். வேண்டுமென்றேதான் உங்களுக்குப் பதில் போடவில்லை. அண்ணம் நெருப்புப் பட்டதுபோல எரிகிறது. வைத்த சதை பிடிக்குமா என்று இனிமேல்தான் தெரியும்.

அந்த மூன்று அடி எனக்கு நினைவில்லை. கொடுத்த பொருளைத் தொலைத்தவள் நான் என்பது மட்டும் முப்பது வருஷமாக நினைவில் இருந்தது.

தையல் பிரிக்கும்வரை வாய் திறந்து பேசக் கூடாது என்று உத்தரவு. நல்லதாயிற்று. பிரித்த பிறகும், நானாக எழுதும்வரை நீங்கள் வர வேண்டாம்.

நூர் அகமது அண்ணன், ஒரு வரியும் விடாமல் படித்துக் காட்டுங்கள்.

நீலாயதாட்சி