வாப்பாவுக்குக் கிடைத்த கதிரை

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஜெஸீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் உன் வேலையையும் அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டுவிட்டு இதை எழுதத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீடு முழுக்க ஆட்கள். எந்த அறையில் நின்று கதைத்தாலும் யாராவது காது கொடுக்கிறார்கள். வாப்பாவின் கட்டிலும் முன் அறையில்தான் கிடக்கிறது. அவருக்குக் கேட்கும்படி சொல்ல முடியாத விஷயம் இது. அதனால்தான் லீவு முடிந்து நாளைக்குக் கட்டாருக்குத் திரும்பும் பர்ஹானிடம் கொடுத்து விடுகிறேன்.

செய்தி உனக்கும் வந்திருக்கும். வாப்பா எம்பி ஆகிறார். கட்சியின் தேசியப் பட்டியலில் இருந்தவர் பாதியில் விலகிவிட்டார், அந்த இடத்தை நம் ஊருக்குத் தருகிறார்கள். சந்தியில் வாப்பாவின் படத்தைப் போட்டுப் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். பழைய படம், தலைமயிர் கறுப்பாக இருக்கிறது. நேற்றுப் பட்டாசு கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் வாப்பா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மஸ்கட் இனிப்புக் கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றியே எனக்கு இடுப்பு ஒடிந்துபோயிற்று.

கலியாணம் முடித்த புதிதில், தேசியப் பட்டியல் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். முன்பு செனட் சபை என்று ஒரு மேல்சபை இருந்தது, வாக்குக் கேட்டு வீடு வீடாக அலையாமல் படிப்பாலும் அறிவாலும் போய் உட்காருகிற இடம், அதை ஒழித்த பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சிய வாசல் கட்சியே ஆளை நியமிக்கிற இந்தப் பட்டியல்தான் என்று சொன்னார். அந்த வாசலில்தான் மனிதர் இவ்வளவு காலமும் நின்றார். ஒவ்வொரு தேர்தலிலும் கட்சித் தலைவர் நம் ஊர் மேடையில் ஏறி, வாப்பாவைக் காட்டி, ஜவுபர் மாஸ்டருக்கு விருப்பு வாக்கு எதற்கு, அவருக்குத்தான் தேசியப் பட்டியல் இருக்கிறதே என்பார். வாப்பாவும் அதை நம்பி மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் மற்றவர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசுவார். தேர்தல் முடிந்ததும் அது கொழும்பில் யாரோ ஒரு லோயருக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தலைவரின் சொந்தக்காரருக்கு. அடுத்த முறை பார்ப்போம் என்பார் வாப்பா. பாராளுமன்றம் போவதற்கென்று றஸாக் டெய்லரிடம் தைத்த கோட்டை நான் மறுபடியும் அலுமாரியில் மாட்டுவேன்.

இனி அவருடைய உடம்பைப் பற்றி. கரையோரக் காணிகளை எடுக்க வந்த அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சந்தியில் பேசிக்கொண்டிருக்கும்போது விழுந்தாரே, அன்று போன வலது கை இன்னும் திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. அத்தனை பேசிய வாயில் சம்மதம் சொல்கிற ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. ஓம். சாப்பிட்டீங்களா என்றால் ஓம். இன்னும் சாப்பிடலியா என்றாலும் ஓம். நோகுதா என்றால் ஓம், நோகலியே என்றால் அதற்கும் ஓம். அவர் நினைக்கிறது ஒண்டு உம்மா, வாயில வாறது இது மட்டுந்தான், கோபப்படாதீங்க என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை சொன்னாள். போனில் அவர் ஓம், ஓம் என்பதைக் கேட்டுவிட்டு, வாப்பா நல்லாக் கதைக்கிறாரே என்று நீ சந்தோஷப்படுவாய். நான் போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

திங்கட்கிழமை தலைவரின் செயலாளர் அஸ்பாக் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மாஸ்டர், தலைவர் உங்களுக்கு எம்பிப் பதவி தாறார், எடுக்கிறீங்களா என்றான். ஓம் என்றார். ஆறு மாசத்துல ராஜினாமாச் செஞ்சு அடுத்த ஊருக்குக் குடுக்கணும், சம்மதந்தானே என்றான். ஓம். அந்தக் காணிச் சட்டம் வாக்கெடுப்புக்கு வருது, இப்ப கட்சி ஆதரிக்குது, நீங்களும் ஆதரிக்கணும் என்றான். எதை எதிர்த்துப் பேசி விழுந்தாரோ அதே சட்டம், மகன். அதற்கும் ஓம்.

எனக்கு வந்த கோபத்தில் அவனுக்கு முன்னாலேயே, இந்தப் பதவி உங்களுக்கு வேணாந்தானே என்று வாப்பாவைக் கேட்டேன். ஓம் என்றார். அஸ்பாக் சிரித்துவிட்டு, மாமி பகிடி விடுறீங்க என்றான். கதைக்க ஏலாத மனிசன் அங்க போய் என்ன செய்யிற என்று கேட்டேன். பேர் கூப்பிடக்குள்ள ஓம் எண்டாப் போதும் மாமி, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவம் என்றான். பேச்சு இருந்த காலத்தில் இவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவன் போன பிறகு வாப்பா இடது கையை அலுமாரிப் பக்கம் நீட்டினார். கோட்டை எடுத்துப் போட்டுவிட்டேன். உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம், அவ்வளவு தொளதொளப்பு. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அழுதார். ஆசைப்பட்டது கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறாரா, அவமானத்தில் அழுகிறாரா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அந்த முகத்தோடு வாழ்ந்தவளுக்கு இது தெரியவில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஊருக்கு வந்த இடத்தைத் தட்டிவிடக் கூடாது, சுபைறா என்றார்கள். உன் தங்கச்சி ஹுஸ்னியாவின் மாப்பிள்ளைக்கு வேலை எடுத்துத் தருவதாக அஸ்பாக் சொல்லியிருக்கிறான். அவளும் இப்போது வாய் திறப்பதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கவே அவர்கள் திண்டாடுகிறார்கள். வாப்பா போய் வாக்களிப்பார், ஆறு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், காணிச் சட்டத்துக்குக் கை கொடுத்தவர் என்று ஊர் அவரைக் காலத்துக்கும் ஏசும். அப்போதும் அவரால் ஒரு பதில் சொல்ல முடியாது.

வாப்பாவைக் கொழும்புக்கு ஏற்றிப்போக வேன் செவ்வாய்க்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வருகிறது. நீ டிக்கெட் போட்டு ஓடி வராதே, வந்தாலும் ஒன்றும் மாறாது. வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடி. அல்லாஹ் உன் உடம்புச் சுகத்தையும் வாய்ப் பேச்சையும் குறையாமல் வைத்திருப்பானாக.

செவ்வாய்க்கு முன் ஒரு தடவை போன் எடு. வாப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லாதே. வாப்பா, கொழும்புக்குப் போகாம வீட்டிலேயே இருப்பமா என்று மட்டும் கேள். அதற்கும் ஓம் என்றுதான் சொல்வார், எனக்குத் தெரியும். அந்த ஒரு ஓமை மட்டும் உண்மை என்று வைத்துக்கொண்டு நான் மிச்சக் காலத்தைத் தள்ளிவிடுவேன்.

உன் உம்மா,
சுபைறா.