மஹதிக்காக நடந்த நாட்கள்

ஜூலை 8, 2025 – செவ்வாய்

ஆபீசுக்கு லீவு. ஆஸ்பத்திரியிலேயே பாதி நாள் போயிற்று.

தங்கை மஹதிக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. கல்லீரலில் ஒரு பகுதி கொடுக்க வீட்டில் ரத்த வகை பொருந்துவது எனக்கு மட்டும்தான். அவள் கணவர் சுப்புராயனுக்குப் பொருந்தவில்லை. ஆனால் என் கல்லீரலில் கொழுப்பு இருபத்திரண்டு சதவீதமாம். "இப்ப எடுக்க முடியாது சார். நூத்திப் பன்னெண்டு கிலோ இருக்கீங்க. மூணு மாசத்துல பன்னெண்டு கிலோவாவது குறைங்க. திரும்ப ஸ்கேன் பண்ணிப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

மஹதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொன்பது வயது. பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

"என்னண்ணா சொன்னார்?"

"எடை குறைக்கணுமாம்."

எழுதவே வெட்கமாக இருக்கிறது. 'முடியாது' என்று அவர் சொன்ன அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்தோம் என்று. இப்படியும் ஒரு அண்ணனா?

ஜூலை 12 – சனி

வீட்டிலேயே நடக்க ட்ரெட்மில் வாங்கலாம் என்று முடிவு. தெருவிலேயே நடக்கலாமே என்றாள் என் மனைவி விஜி. மேற்கு மாம்பலத்தில் எங்கே நடப்பது? ஒரு பக்கம் பைக், ஒரு பக்கம் தோண்டிப் போட்ட பள்ளம், நடுவில் நான் வேறு. மழைக்காலம் வந்தால் அதுவும் போச்சு.

ஜூலை 20 – ஞாயிறு

பதினான்கு மாடல்கள் பார்த்தாயிற்று. மோட்டார் எத்தனை ஹார்ஸ்பவர், பெல்ட் எவ்வளவு அகலம், மடித்து நிறுத்த முடியுமா, ரிப்பேருக்கு ஆள் வருவானா – நோட்டில் கட்டம் கட்டி எழுதினேன். பாதி மிஷின் நூறு கிலோவுக்கு மேல் தாங்காதாம். உடம்பைக் குறைக்க மிஷின், அதில் ஏற முதலில் உடம்பு குறைய வேண்டும்!

விஜி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்தப்போகூட நீங்க இவ்வளவு யோசிக்கலை."

இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றேன். எடை 112.6.

ஜூலை 26 – சனி

தி. நகர் கடைக்குத் தானும் வருவேன் என்று மஹதி அடம்பிடித்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி நாலு படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

விற்பனையாளர் பாலு நல்ல மனுஷர். "இன்னா சார், ஸ்க்ரீனையே பாக்குறீங்க? படம் வருதா, பாட்டு வருதாங்கறதெல்லாம் வுடுங்க. உங்க வெயிட்டு தாங்குமா, கால் வெக்க எடம் கீதா – அத்த மட்டும் பாருங்க. ஏறி நடந்து பாருங்க சார்."

ஏறினேன். மூன்று மிஷினில் நடந்தேன். நோட்டில் இருந்த அத்தனை கேள்வியும் கேட்டேன். கடைசியில், "இன்னொரு கடையும் பாத்துட்டு வரேன்" என்றேன்.

"அண்ணா, இங்க வா" என்றாள் மஹதி. போய் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிடு. நான் கோச்சுக்க மாட்டேன். வேற வழி பாத்துக்கறோம். ஆனா மிஷினைச் சாக்கு வெச்சுண்டு என்னைக் காக்க வெக்காதே. எனக்கு அவ்வளவு நாள் இல்லை."

பதினெட்டு நாளாக விஜியிடம்கூடச் சொல்லாததை அந்தக் கடையில் நின்றுகொண்டு சொன்னேன். "பயமாத்தான் இருக்குடீ."

"எனக்கும்தான்" என்றாள்.

வாங்கிவிட்டோம். இரண்டாவதாக ஏறிப் பார்த்தது. நூற்று முப்பது கிலோ தாங்கும்.

ஜூலை 30 – புதன்

முதல் நாள். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆறு நிமிஷம். இறங்கிய பிறகும் தரை ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 5 – செவ்வாய்

கீழ் வீட்டு ஜமீலுன்னிசா அம்மா மேலே வந்தார். தன் வீட்டு ஃபேன் ஆடுகிறதாம். நான் மன்னிப்புக் கேட்டு, மஹதி விஷயத்தைச் சொன்னேன். "நான் காலைல அஞ்சரைக்குத் தொழுதுட்டு முழிச்சுத்தான் இருப்பேன் சார். அப்போ எவ்வளவு வேணா நடங்க. மத்தியானம் மட்டும் வேணாம், அவர் தூங்குற நேரம்" என்றார்.

மிஷினுக்கு அடியில் தடி ரப்பர் விரிப்பு போட்டாயிற்று. இனி ஐந்தரை மணி. வேறு வழியே இல்லை, எழுந்துதான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 14 – வியாழன்

இருபத்தைந்து நிமிஷம். கம்பியை விட்டுவிட்டு!

ஆகஸ்ட் 27 – புதன், விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை பதினொன்று. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? விஜி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் எதிர் வீட்டில் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் இன்னொரு முறை நடந்தேன். எடை 106.8.

செப்டம்பர் 11 – வியாழன்

மஹதியை அட்மிட் பண்ணியிருக்கு. வயிறு முழுக்கத் தண்ணி. காலையில நாள் கிழமை தெரியாம ஏதேதோ உளறிண்டிருந்தாளாம், சுப்புராயன் போன்ல அழறார். நான் என்னத்தைப் பண்ணுவேன்? வேகமா நடந்தா வேகமா குறையுமா? டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் – இப்பவே எடுத்துக்கோங்கோ, என்ன ஆனாலும் சரின்னு. "ரெண்டு பேரையும் ஆபத்துல விட மாட்டேன்"னுட்டார்.

செப்டம்பர் 12 – வெள்ளி

ஐம்பது நிமிஷம். நடந்துகொண்டே அழுதேன். வியர்வையோடு போயிற்று.

செப்டம்பர் 18 – வியாழன்

மஹதி வீட்டுக்கு வந்துவிட்டாள். தண்ணீரை எடுத்துவிட்டார்கள். போனில் முதல் கேள்வி: "இன்னிக்கு எவ்வளவு?" 103.1 என்றேன். "அந்தப் புள்ளிக்கு அப்புறம் இருக்கற ஒண்ணையும் விடாதே" என்றாள். கணக்கு டீச்சர்.

அக்டோபர் 14 – செவ்வாய்

எடை 99.2. கொழுப்பு ஆறு சதவீதம்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நாள் குறிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெளியே வந்து லிப்ட் பக்கத்தில் சுப்புராயன் என்னைக் கட்டிக்கொண்டார். பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

அக்டோபர் 30 – வியாழன்

உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டியின் விசாரணை. மூன்று பேர், ஒரு கேமரா. "யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று கேட்டார் நடுவில் இருந்த அம்மாள்.

"இல்லை."

"பயம் இருக்கா?"

"இருக்கு. ஆனா கொடுக்கறேன்."

எழுதிக்கொண்டார்.

நவம்பர் 11 – செவ்வாய்

நாளை காலை ஆறு மணிக்கு ஆபரேஷன். மஹதி இரண்டு அறை தள்ளி. விஜி என் நெற்றியில் விபூதி இட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

நவம்பர் 19 – புதன்

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணல். வலி உண்டு. நர்ஸ் அன்புக்கரசி விடுவதாக இல்லை: "எழுந்து நடங்க சார், நடந்தாத்தான் ஆறும்." வராந்தாவில் இருபது அடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஹதி கையை லேசாகத் தூக்கினாள்.

ஜனவரி 11, 2026 – ஞாயிறு

காலையில் சுப்புராயன் எங்கள் இருவரையும் பெசன்ட் நகரில் இறக்கிவிட்டுவிட்டு வண்டி நிறுத்தப் போனார். கூட்டம் வருவதற்கு முன்னால் அரை மணி நடக்க டாக்டர் சொல்லியிருக்கிறார், இரண்டு பேருக்கும். மஹதி முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசிக்கொண்டே வந்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் போகலாமாம். பத்தாம் வகுப்பு வேண்டாமாம், எட்டாம் வகுப்பு கேட்பாளாம். யார் யார் எந்த வகுப்பு எடுப்பார்கள் என்பதெல்லாம் முடிவு பண்ணிவிட்டாள்.

மாதா கோயில் பக்கம் வந்ததும், "போதும், திரும்பலாமா?" என்றேன்.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாம்ணா" என்று சொல்லிவிட்டு, எனக்காக நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.