எழுப்பும் பாட்டுக்கு முன் அடித்த மணி

என் அன்பான அண்ணா,

ஒரு சேதி சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. போன வாரம் மைசூரில், நாட்டுப்புறக் கலை விழா மேடையில், அத்தனை பேர் பார்க்க நான் செத்து விழுந்தேன்.

நம் ஊர் மார்டள்ளியில் உடுக்கைப் பாட்டு நடக்கும்போது, கதையில் வீரன் போரில் சாயும் இடத்தில் வருஷா வருஷம் அருள் வந்து விழுகிறவன் நீ. எழுப்பும் பாட்டைப் பாடித் தண்ணீர் தெளிக்கும்வரை கட்டையாகக் கிடப்பாய். அப்போது உனக்கு நினைவு இருந்ததா? முப்பது வருஷமாகக் கேட்க ஆசை. சாமி காரியம், கேட்டால் உதைப்பாய் என்று பயம்.

இந்த முறை பாட்டுக்காரர் கந்தசாமி மாமா என்னைப் பிடித்தார். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற எனக்கு அருள் எங்கே வரும்? "சும்மா உழுந்து காட்டு மாப்ளே, சனங்களுக்குத் தெரியோணுமில்ல" என்றார்.

நமக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். மாமா எப்போதும்போல எல்லாச் சாமிகளையும் பெயர் சொல்லிக் கும்பிட்டே பாதியைத் தீர்த்துவிட்டார். நான் விழுந்த கையோடு மணி அடித்தார்கள்.

விழாக்காரர் மேடையேறினார். "டைம் ஆய்த்து சார், அடுத்த டீம் ரெடியா இருக்காங்க. அவர எந்திரிக்கச் சொல்லுங்க."

"செத்துக் கெடக்கறவனை உட்டுப்போட்டு எப்படீங்க எறங்கறது? எழுப்பிப்போட்டுத்தான் வருவனுங்க" என்றார் மாமா.

நடித்தவன்தானே, எழுந்திருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை. கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டேன். கூட்டத்தில் சிரிப்பு, காதருகே விழாக்காரரின் செருப்புச் சத்தம். மைக்கை நிறுத்தினார்கள், மாமா வெறும் தொண்டையில் பாடினார். அடுத்து ஆட நின்ற, வெண்கலத் தாளம் தட்டி ஆடும் கன்னடக் கம்சாளைக்காரர்கள், பாஷை புரியாமலே தங்கள் தாளத்தைத் தட்டிச் சேர்ந்துகொண்டார்கள். முகத்தில் தண்ணீர் பட்டபோது நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன்.

உனக்கும் இப்படி எல்லாம் கேட்டதா அண்ணா? நீ விழும்போதெல்லாம் கூட்டத்தில் பயந்து கத்தியவன் நான். அதைக் கேட்டுக்கொண்டேதான் கிடந்தாயா, திருடா?

அப்படியென்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாள், நினைவு போய்விட்டது, இனிப் பேசிப் பயனில்லை என்றார்கள். நானும் நம்பினேன். பக்கத்திலேயே வாய் மூடி உட்கார்ந்திருந்தேன், ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. நான் கூப்பிடுவேன் என்று காத்துக் கிடந்தாயா?

இனி அப்படிக் கிடக்கும் யார் பக்கத்திலும் பேசாமல் இருக்க மாட்டேன். உன்னிடமும்தான். அண்ணா. அண்ணா.

உன் பின்னாலேயே திரிந்த தம்பி,
பழனி