லம்பா லைன் வீட்டுப் புத்தகங்கள்

அக்கா, இன்று சோறு பிசையும்போது கையில் அந்துருண்டை வாசம் அடித்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. உங்கள் அலமாரியின் கடைசித் தட்டை நேற்றுக் காலி செய்த கை இது. கண்ணை மூடிய பிறகும் என்னை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

இந்தத் தீவில், லம்பா லைன் குடியிருப்பில், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கப்பல் டிக்கெட் கவுண்டரில் நீங்கள் வேலை பார்த்ததால், மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போகிற குடும்பம் எது என்று உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அன்று சாயங்காலமே அவர்கள் வாசலில் நிற்பீர்கள். கட்டிலும் பிரிட்ஜும் விலை போய்விடும். புத்தகங்களை வாங்க ஆள் இருக்காது, கப்பலில் ஏற்றவும் மனம் வராது. "தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி என் வீடு ஒண்ணு இருக்குன்னு நெனச்சுக்கங்க" என்பீர்கள். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று வந்து குவிந்தன. அவற்றில் ஓர் எழுத்துகூட உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாக வெயிலில் விரித்துப் பூஞ்சணம் துடைப்பீர்கள். வாசிக்கத் தெரியாத புத்தகத்துக்கு எதற்கு இந்தச் சீராட்டு என்று கேலி செய்வேன். பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே அடுத்ததை என் மடியில் போடுவீர்கள்.

வீட்டை விற்க மதுரையிலிருந்து உங்கள் தம்பி வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் புத்தகங்களைப் பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். மாதக் கடைசி வரை பொறுக்கச் சொன்னேன். நூலகத்தில் கேட்டேன், வைக்க இடமில்லை என்றார்கள்.

பிறகு ஒரு பெட்டி நிறைய அடுக்கி, கயிற்றால் இறுகக் கட்டி, வண்டூர் பஸ்ஸில் கொடுத்து அங்குள்ள டீக்கடைக்கு அனுப்பினேன். விருப்பப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சில நாளில் கட்டுப் பிரியாமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. கடைக்காரர் மழை படாமல் தார்ப்பாய் போட்டு மூடிக் காவல் காத்திருக்கிறார். கயிறு கட்டிய பெட்டி என்றால் இங்கே அது கப்பலேறப் போகிற யாரோ ஒருவருடைய சாமான். அதை யார் பிரிப்பார்கள்? நானே பிரித்திருக்க மாட்டேன்.

அதன்பிறகு உங்கள் வழிக்கே வந்தேன். நீங்கள் வாசல் வாசலாகப் போய் வாங்கினீர்கள், நான் வாசல் வாசலாகப் போய்க் கொடுத்தேன். பையில் நாலைந்து, கயிறு இல்லாமல். எந்த பாஷை படிப்பீர்கள் என்று தையல்காரரிடம் கேட்டேன், மீன் விற்கிற அம்மாவிடம் கேட்டேன். வாங்கியவர்கள் தெரிந்தவர்களையும் அனுப்பிவைத்தார்கள். ஒரு மாதிரியாகப் பார்த்தவர்களும் உண்டு. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நீங்கள் சிரித்த முகத்தோடு வருஷக்கணக்கில் செய்தீர்கள். உங்களைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை, அக்கா.

போன வாரம் பாராடாங் போனேன். படகுத்துறையில் பூரி விற்கும் பெங்காலி அம்மாவிடம் தடித்த புத்தகம் ஒன்றை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கியவர், நின்ற இடத்திலேயே சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். படகுக்காகக் காத்திருந்த டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. நீங்கள் அத்தனை முறை துடைத்து வைத்தும் அதன் குரலைக் கேட்கவே இல்லையே.

யாருடையது என்று அவர் கேட்டார். பக்கத்து வீட்டு அக்காவுடையது, அவருக்கு பெங்காலி தெரியாது என்றேன்.

"தோ ஃபிர் க்யோன் ரக்கா?" என்றார் இந்தியில். அப்படியானால் எதற்கு வைத்திருந்தார்?

நான் யோசிக்கவே இல்லை.

"ஆப்கே லியே" என்றேன். உங்களுக்காகத்தான்.

உங்கள் அலமாரி இப்போது காலி, அக்கா. அந்தப் பதிலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.